கிராசியா: பார்சிலோனா விழுங்கிய ஊர்

ஸ்பெயினின் பார்சிலோனா மாநகரம் பத்து மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அவற்றில் பரப்பளவில் மிகச் சிறியது கிராசியா. சுமார் 4.2 சதுர கிலோமீட்டரில் ஏறத்தாழ 1,20,000 பேர் வசிக்கிறார்கள். 1897 வரை இது தனி ஊர். தனக்கென்று மேயர், நகர்மன்றம், சந்தை, மணிக்கூண்டு எல்லாம் வைத்திருந்தது. நாடகக்காரர்களும் இசைக்கலைஞர்களும் மாணவர்களும் சுற்றித் திரியும் பொஹீமியன் பேட்டை என்று இன்றைய பயணக் கையேடுகள் இதை வர்ணிக்கின்றன. அதில் தவறில்லை, ஆனால் கதையின் பாதி விடுபட்டுப்போகிறது. கலைஞர்கள் வந்து அமர்ந்த சதுக்கங்களையும் கூடங்களையும் அவர்களுக்கு முன்பே உண்டாக்கி வைத்தவர்கள் மில் தொழிலாளர்கள், கொத்தனார்கள், சில்லறைக் கடைக்காரர்கள்.

ஊர் தோன்றியதற்குப் பீரங்கியும் ஒரு காரணம். பார்சிலோனா 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கோட்டைச் சுவருக்குள் அடைபட்டுக் கிடந்தது. சுவருக்கு வெளியே, குண்டு பாயும் தூரம் வரை யாரும் வீடு கட்டக் கூடாது என்பது ராணுவத்தின் கட்டளை. அந்த எல்லையைத் தாண்டியதும் வந்த நிலம்தான் கிராசியா. அங்கே 1626இல் கார்மலைட் துறவியர் நிறுவிய மடம் ஒன்றும், பணக்காரர்களின் கோடைக்கால மாளிகைகளும், தோட்டங்களும், ரோமானியர் காலத்துப் பாதை ஒன்றும் இருந்தன. அந்தப் பாதையின் தடத்தில்தான் இன்றைய த்ரவெசேரா தெ கிராசியா வீதி ஓடுகிறது. நகரத்தையும் ஊரையும் இணைக்க 1827இல் வயல்களின் நடுவே ஓர் அகலமான சாலை போட்டார்கள். இன்று உலகின் விலையுயர்ந்த கடைகள் வரிசைகட்டி நிற்கும் பசேஜ் தெ கிராசியா அதுதான். பார்சிலோனாவின் மிகப் பகட்டான வீதி, ஒரு சிற்றூருக்குப் போகும் வழியாகத்தான் பிறந்தது.

ஊரின் அமைப்பு ஒரே கையால் வரையப்பட்டதல்ல. நிலம் வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் தோட்டத்தை மனைகளாகப் பிரித்து விற்றார்கள். மனைக்கு விலை கூட வேண்டுமென்றால் நடுவில் ஒரு சதுக்கம் விட வேண்டும். அப்படி அவரவர் கணக்குக்கு விட்டுவைத்த திறந்தவெளிகள்தான் இன்று கிராசியாவின் அடையாளம். ஒரு சதுக்கத்திலிருந்து இரண்டு தெரு நடந்தால் அடுத்தது வந்துவிடுகிறது. நிலத்தின் சொந்தக்காரர்களில் ஒருவரான ஜுசெப் ருசேல் நகை வியாபாரி. தன் பங்குக்கு வந்த தெருக்களுக்குத் தங்கம், முத்து, மாணிக்கம், புஷ்பராகம் என்றும், சதுக்கத்துக்கு வைரம் என்றும் பெயர் வைத்துவிட்டார். அந்தப் பெயர்கள் இன்றும் மாறவில்லை.

நீராவி யந்திரம் வந்ததும் தோட்ட ஊர் தொழிலாளர் ஊராயிற்று. 1840ஐ ஒட்டி எழுந்த புய்க்மார்த்தி பருத்தி ஆலையின் செங்கல் புகைபோக்கி மட்டும் இப்போது ஒரு சதுக்கத்தின் நடுவில் நிற்கிறது. 1850இல் கிராசியா தனி நகராட்சியானது. கூட்டுறவுப் பண்டகசாலைகள், பாட்டுக் குழுக்கள், வாசகசாலைகள், சர்ச்சைச் சார்ந்த மன்றங்கள் என்று தெருவுக்குத் தெரு சங்கம் முளைத்தது. அரசியலில் குடியரசுக் கட்சியினரின் கை ஓங்கியிருந்தது. புரட்சி, சுதந்திரம், சகோதரத்துவம் போன்ற தெருப்பெயர்கள் அந்தக் காலத்தின் மிச்சம்.

ஊர் தன்னை யாரென்று காட்டிக்கொண்டது 1870 ஏப்ரலில். 1868 புரட்சியில் அரசி இசபெல் துரத்தப்பட்டபோது, கட்டாய ராணுவச் சேவை ஒழியும் என்று மக்கள் நம்பினார்கள். ஒழியவில்லை. பணம் கட்டினால் விலக்கு உண்டு; எனவே பட்டாளத்துக்குப் போனது ஏழை வீட்டுப் பிள்ளைகள்தான். கிராசியாவின் பெண்கள் நகர்மன்றத்துக்குள் நுழைந்து ஆள்சேர்ப்புப் பதிவேடுகளை வெளியே இழுத்துவந்து சதுக்கத்தில் தீயிட்டார்கள். தெருக்களில் தடுப்பரண்கள் எழுந்தன. எதிரே இருந்த மணிக்கூண்டின் மணி அபாய ஒலியை நிறுத்தாமல் அடித்துக்கொண்டே இருந்தது. ஜெனரல் காமிந்தேயின் படை அந்தக் கூண்டைக் குறிவைத்துப் பீரங்கி முழக்கியது. ஏப்ரல் 9 அன்று ஊர் வீழ்ந்தது, கூண்டு விழவில்லை. ஒரு மாதத்துக்குள் பார்சிலோனாவில் 'கிராசியாவின் மணி' என்ற பெயரில் ஒரு நையாண்டி வார இதழ் வெளிவரத் தொடங்கியது. அது 1934 வரை நடந்தது என்றால், கலவரம் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது என்பது புரியும்.

33 மீட்டர் உயரமுள்ள அந்தக் கூண்டைக் கட்டியவர் அந்தோனி ருவீரா இ த்ரியாஸ். இவரைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். கோட்டைச் சுவர் இடிக்கப்பட்ட பிறகு நகரத்தை விரிவாக்க 1859இல் நடந்த போட்டியில் வென்றது இவருடைய வரைபடம்தான். ஆனால் மாட்ரிட் அரசு அதை ஒதுக்கிவிட்டு, இல்தெஃபோன்ஸ் செர்தாவின் கட்டம் கட்டமான திட்டத்தைத் திணித்தது. உலகம் செர்தாவைக் கொண்டாடுகிறது. ருவீராவுக்குக் கிராசியாவில் ஒரு சதுக்கம் கிடைத்தது. அங்கே ஒரு பெஞ்சில் வெண்கல மனிதராக உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் யாராவது வந்து அமர இடம் விட்டு. காலடியில், நிறைவேறாத அந்த வரைபடம் உலோகத்தில் பதிக்கப்பட்டிருக்கிறது.

செர்தாவின் கட்டங்கள் வீடுகளால் நிரம்ப நிரம்ப, நடுவிலிருந்த வயல் மறைந்தது. 1863இல் ரயிலும் 1872இல் குதிரை டிராமும் வந்தபின், நகரம் எங்கே முடிந்து ஊர் எங்கே தொடங்குகிறது என்பதே தெரியாமல்போனது. சுற்றியிருந்த ஊர்களில் வரி குறைவு என்பதால் மக்களும் தொழிலும் அங்கே நகர்வது பார்சிலோனாவுக்கு உறுத்தல். 1897 ஏப்ரல் 20 அன்று, ஆட்சிப் பொறுப்பிலிருந்த அரசி மரியா கிறிஸ்தீனா கையெழுத்திட்ட ஆணை கிராசியாவையும் சான்ட்ஸ், சான் மார்த்தி, லெஸ் கோர்ட்ஸ் முதலிய அண்டை ஊர்களையும் ஒரே வீச்சில் இணைத்துவிட்டது. அப்போது கிராசியாவின் மக்கள்தொகை 60,000ஐத் தாண்டியிருந்தது. புண்ணில் உப்புத் தடவுவதுபோல, மணிக்கூண்டுச் சதுக்கம் பிற்பாடு பார்சிலோனாவின் முன்னாள் மேயர் ரியுஸ் இ தௌலெத்தின் பெயரைத் தாங்கியது. 2009இல்தான் அது மறுபடி 'கிராசியா ஊர்ச் சதுக்கம்' ஆனது.

கட்டடக்கலை ஆர்வலர்கள் கிராசியாவுக்கு வருவது பெரும்பாலும் கௌதிக்காக. அவருடைய முதல் பெரிய வீடான காசா விசென்ஸ், ஊர் தனியாக இருந்த காலத்திலேயே, 1883க்கும் 1885க்கும் இடையில், ஒரு பங்குத் தரகருக்காகக் கட்டப்பட்டது. மனையில் பூத்திருந்த மஞ்சள் துலுக்கச் செவ்வந்திகள் சுவர் ஓடுகளில் ஏறின. அங்கே நின்ற பனை வகை மரத்தின் விசிறி ஓலை இரும்பு வேலியாக வார்க்கப்பட்டது. 2017இல் இது அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. ஆனால் ஊர்க்காரர்களின் அன்றாடத்தில் அதிகம் கலந்தவர் கௌதியின் உதவியாளர் ஃப்ரான்செஸ்க் பெரங்கேர். குடும்பச் சுமையால் படிப்பை முடிக்க முடியாதவர். பட்டம் இல்லாததால் அவர் வரைந்தவற்றில் பலவும் வேறொருவர் கையெழுத்தில் வெளியேறின. யிபர்தாத் சந்தையின் இரும்பு வேலைப்பாடும் நகர்மன்றத்தின் முகப்பும் அவர் கைவண்ணம்.

புய்க்மார்த்தி புகைபோக்கி நிற்கும் சதுக்கத்தின் இன்றைய பெயர் ரோமா மக்கள் சதுக்கம். ரோமா என்பது ஜிப்சிகளைக் குறிக்கும் பெயர்; கிராசியாவின் ஜிப்சி குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே காட்டலான் மொழி பேசி வாழ்பவை. அவர்களின் மூதாதையர் பல நூற்றாண்டுகளுக்கு முன் வட இந்தியாவிலிருந்து புறப்பட்டவர்கள். 1950களில் இந்தத் தெருக்களிலும், பார்சிலோனாவின் வேறு இரண்டு ஜிப்சி குடியிருப்புகளிலும் காட்டலான் ரும்பா உருவானது. கிட்டார் வாசிப்பவரின் வலக்கை தந்திகளை மேலும் கீழும் வருடிக்கொண்டே மரப்பெட்டியிலும் தாளம் தட்டும். விசிறி வீசுவதுபோல் இருப்பதால் 'வென்டிலடோர்' என்கிறார்கள். ஒரே ஆள் மேளமும் கிட்டாரும் ஆகிவிடுகிறார். இதைக் கண்டுபிடித்தவர் கிராசியாவில் பிறந்த எல் பெஸ்கைல்யாவா, மத்தரோவின் பெரெத்தா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. 1970களில், புவெனஸ் அயர்ஸில் பிறந்த காத்தோ பெரெஸ் கிராசியாவின் ஜிப்சிகளிடமிருந்து இந்த இசையை எடுத்துக்கொண்டு புதிய கேட்பாளர்களிடம் கொண்டுபோனார்.

பொஹீமியன் என்ற பெயர் ஒட்டியதும் அந்தப் பத்தாண்டில்தான். சர்வாதிகாரி ஃப்ராங்கோ இறந்த மறுஆண்டு, 1976இல், மொன்செனி வீதியில் லியூரே நாடக அரங்கம் திறந்தது. ஃபபியா புய்க்செர்வெரும் லூயிஸ் பாஸ்குவாலும் அவர்களின் தோழர்களும் பிடித்த இடம், 'லேயல்தாத்' என்ற தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் பழைய கட்டடம். மேடையையும் இருக்கைகளையும் நாடகத்துக்கு நாடகம் இடம் மாற்றிக்கொள்ளும்படி அதை அமைத்தார்கள். உலக நாடகங்கள் அங்கே காட்டலானில் பேசின. கிராசியாவின் பொஹீமியன் வாழ்வு தொழிலாளர் சொத்தின் மேல் ஏறி நின்றது என்பதற்கு இதைவிட நேரான சான்று தேவையில்லை. டப்பிங் படங்களே ஆட்சி செய்த நாட்டில், வெர்தி திரையரங்கம் வெளிநாட்டுப் படங்களை மூலமொழியிலேயே வசன எழுத்துகளோடு திரையிட்டுத் தனக்கென ஒரு கூட்டத்தைச் சேர்த்தது.

வைரச் சதுக்கத்துக்கு இலக்கியத்தில் இடம் தந்தவர் மெர்செ ருதுரேதா. ஜெனீவாவில் நாடுகடந்து வாழ்ந்தபோது எழுதி 1962இல் வெளியிட்ட 'லா பிளாசா தெல் தியமான்' நாவலின் நாயகி, இதே சதுக்கத்தில் திருவிழா நடனத்தின்போது தன் வருங்காலக் கணவனைச் சந்திக்கிறாள். உள்நாட்டுப் போர் அவள் வாழ்க்கையைக் குலைக்கிறது. அதே சதுக்கத்தின் அடியில், சுமார் 12 மீட்டர் ஆழத்தில், அக்கம்பக்கத்தினர் தோண்டிய வான்தாக்குதல் பதுங்கிடம் ஒன்று இருப்பது 1992இல் மறுபடி வெளிப்பட்டது. போர்க்காலத்தில் பார்சிலோனா முழுக்க இப்படி 1,300க்கும் மேற்பட்ட பதுங்கிடங்கள் இருந்தன.

நாவலில் வரும் அந்தத் திருவிழா, ஃபெஸ்தா மஜோர், ஆண்டுதோறும் ஆகஸ்ட் 15 முதல் ஒரு வாரம் நடக்கிறது. 2017இல் இருநூறாவது ஆண்டைக் கொண்டாடினார்கள். தெருக்களுக்குள் அலங்காரப் போட்டி உண்டு. ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு குழு. குழு அந்த ஆண்டுக்கான கருவை ரகசியமாக முடிவுசெய்து மாதக்கணக்கில் வேலை பார்க்கும். பிளாஸ்டிக் புட்டியின் அடியை வெட்டினால் பூ, முட்டை அட்டையை அடுக்கினால் முதலைத் தோல், காகிதக்கூழில் திமிங்கிலம். தெருவின் தலைக்கு மேல் கம்பி கட்டிக் கூரை முழுவதையும் மூடுகிறார்கள். ஒரு நாள் இரவில் மேசைகளை நடுத்தெருவில் வரிசையாகப் போட்டு அண்டைவீட்டார் சேர்ந்து சாப்பிடுவது வழக்கம். மனிதக் கோபுரம் ஏறுபவர்களும் பட்டாசு வீசும் 'பிசாசு'களும் கூடவே வருவார்கள்.

புகழுக்கு விலையும் இருக்கிறது. 2011இல் மூடிக்கிடந்த ஒரு வங்கிக் கிளையை இளைஞர்கள் கைப்பற்றி இலவச சமூக மையமாக்கினார்கள். 2016 மே மாதம் போலீசார் அவர்களை வெளியேற்றியபோது பல இரவுகள் தெருச்சண்டை நடந்தது. சூரியச் சதுக்கத்தில் நள்ளிரவைத் தாண்டியும் பியரோடு தரையில் அமர்ந்திருப்பவர்களின் இரைச்சல் தாங்காமல், சுற்றியுள்ள குடித்தனக்காரர்கள் பால்கனிகளில் ஒலி அளக்கும் கருவிகளை மாட்டி, கிடைத்த அளவீடுகளை மாநகராட்சி முன் வைத்தார்கள். மேட்டுப் பகுதியான லா சலூத்தில் தொல்லை வேறு வகை. கௌதியின் குவெல் பூங்காவுக்குப் போகும் பயணிகள் 116ஆம் எண் சிற்றுந்தை நிரப்பிவிட, காய்கறிப் பையோடு நிற்கும் முதியவர்களுக்கு இடமில்லாமல் போனது. 2024இல் மாநகராட்சி கேட்டுக்கொண்டபடி கூகுள் தன் வரைபடத்திலிருந்து அந்தத் தடத்தை நீக்கியது. பேருந்து ஓடுகிறது, இருக்கையும் கிடைக்கிறது. அதே ஆண்டு ஜூனில், நகரிலுள்ள 10,000க்கும் மேற்பட்ட சுற்றுலா வாடகை வீடுகளின் உரிமங்கள் 2028 நவம்பருக்குப் பிறகு புதுப்பிக்கப்படமாட்டா என்று மேயர் ஜவுமே கொல்போனி அறிவித்தார். வீட்டு உரிமையாளர்கள் எதிர்க்கிறார்கள். வாடகை ஏற்றத்தால் பிறந்த தெருவை விட்டுப் போகவேண்டி வந்த குடும்பங்கள் அந்தத் தேதிக்காகக் காத்திருக்கின்றன.