அணுவின் அசைவைப் படித்தவர்கள்

ஆண்டிபட்டிக் கணவாயைக் கடந்து தேனி, போடி, கம்பம் என விரியும் பள்ளத்தாக்கின் மக்களுக்கு அணுசக்தித் துறையின் அடிப்படை ஆய்வு என்றாலே பொட்டிப்புரத்து நியூட்ரினோ ஆய்வகம்தான் நினைவுக்கு வரும். மலையைக் குடைந்து அமைக்கத் திட்டமிடப்பட்ட அந்த ஆய்வகம், 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவையின் ஒப்புதலைப் பெற்றபின், காட்டையும் நீரையும் பற்றிய அச்சத்தால் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. நியூட்ரினோ எதனோடும் எளிதில் வினைபுரியாது பூமியையே ஊடுருவிச் செல்லும் துகள் என்பதால், அதைப் பிடிக்க மலையின் மறைவும் 50,000 டன் அளவில் இரும்பும் தேவைப்படுகின்றன. அணுக்கருவின் உறுப்பாகிய நியூட்ரானோ பொருளுக்குள் ஓரளவு ஆழமாகச் சென்று, அங்குள்ள அணுக்கருக்களில் மோதித் திசைமாறி வெளிவருவது. அதன் திசைமாற்றத்தையும் ஆற்றல் மாற்றத்தையும் அளந்து, பொருளின் உள்ளமைப்பை அறியும் முறையே நியூட்ரான் சிதறல் ஆய்வு எனப்படுகிறது. அதே துறையின் ஆதரவில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடந்துவரும் இந்த ஆய்வின் வரலாறு தமிழில் போதிய அளவு எழுதப்படவில்லை.

1932இல் ஜேம்ஸ் சாட்விக் நியூட்ரானைக் கண்டறிந்தபோதிலும், பொருள்களைச் சோதிக்கும் அளவுக்கு நியூட்ரான்கள் கிடைத்தது அணு உலைகள் வந்த பின்னரே. உலைக்குள் அணுப்பிளவில் பிறக்கும் நியூட்ரான் மிகு வேகமுடையது. நீர், கனநீர் போன்ற மட்டுப்படுத்தியில் மீண்டும் மீண்டும் மோதி வேகமிழந்த பிறகு, அதன் அலைநீளம் ஏறத்தாழ 1.8 ஆங்ஸ்ட்ராம் ஆகிறது. ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு. திண்மப் பொருளில் அணுக்களுக்கு இடையே உள்ள தொலைவும் அதே அளவினதே. ஆண்டிபட்டி வட்டாரத்து நெசவாளர் துணியின் நெருக்கத்தை அளக்க இழையின் நுண்மைக்கு ஏற்ற அளவுகோலை நாடுவது போல, அணுக்களின் வரிசையை அளக்க இந்த அலைநீளம் பொருந்துகிறது. அதன் ஆற்றலும் படிகத்தில் அணுக்கள் அதிரும் ஆற்றலை ஒத்திருப்பதால், அணுக்கள் எங்கே இருக்கின்றன என்பதோடு எவ்வாறு அசைகின்றன என்பதையும் நியூட்ரான் தெரிவிக்கிறது. எக்ஸ் கதிர் எலெக்ட்ரான்களால் சிதறடிக்கப்படுவதால், ஒரே எலெக்ட்ரான் கொண்ட ஹைட்ரஜன் அதன் பார்வையில் ஏறக்குறைய மறைந்துவிடும். நியூட்ரானுக்கோ ஹைட்ரஜன் தெளிவாகவே புலப்படும்.

இம்முறையை அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் எர்னஸ்ட் வோலனும் கிளிஃபர்ட் ஷல்லும் 1946 முதல் வளர்த்தெடுக்க, கனடாவின் சாக் ரிவரில் பெர்ட்ராம் புரொக்ஹவுஸ் அணுக்களின் அசைவை அளக்கும் மூவச்சு நிறமாலைமானியை உருவாக்கினார். நியூட்ரானின் ஆற்றலைத் தேர்ந்தெடுக்கும் படிகம், ஆய்வுக்குரிய மாதிரி, சிதறிய நியூட்ரானின் ஆற்றலை அளக்கும் படிகம் ஆகிய மூன்றும் தனித்தனி அச்சுகளில் சுழல்வதால் அக்கருவி அப்பெயர் பெற்றது. புரொக்ஹவுஸும் ஷல்லும் 1994இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். வோலன் அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டார்.

இந்தியாவின் முதல் உலையான அப்சரா 1956 ஆகஸ்ட் 4 அன்று மும்பையின் டிராம்பேயில் இயங்கத் தொடங்கிய அதே ஆண்டில், திருநெல்வேலியில் பிறந்தவரும் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் 1952இல் சேர்ந்தவருமான பி. கே. ஐயங்கார் சாக் ரிவருக்குச் சென்று புரொக்ஹவுஸிடம் பணிபுரிந்தார். ஜெர்மேனியம் படிகத்தின் அதிர்வுகளைப் பற்றி இருவரும் 1958இல் வெளியிட்ட கட்டுரை குறைக்கடத்தி இயற்பியலில் இன்றும் மதிக்கப்படுகிறது. ஐயங்கார் தாயகம் திரும்பியபோது கையோடு எடுத்துவந்த மிகச் சிறந்த பொருள், கருவிகளைத் தானே வடிவமைத்துக் கட்டும் பழக்கமே எனலாம். அன்னியச் செலாவணி அரிதாக இருந்த அக்காலத்தில், விலைக்கு வாங்கக் காத்திருந்தால் ஒரு தலைமுறையே வீணாகியிருக்கும்.

சாக் ரிவரின் என்.ஆர்.எக்ஸ் உலையை ஒத்த 40 மெகாவாட் சைரஸ் 1960 ஜூலையில் இயங்கத் தொடங்கியதும், ஐயங்கார், ஜி. வெங்கட்ராமன் முதலியோர் அதன் கற்றைகளில் உள்நாட்டுக் கருவிகளைப் பொருத்தினர். அவற்றுள் தனித்துச் சொல்லத்தக்கது பெரிலியம் வடிகட்டியைப் பயன்படுத்திய நிறமாலைமானி. குளிரூட்டிய பெரிலியம் ஏறத்தாழ 4 ஆங்ஸ்ட்ராமுக்கு மேற்பட்ட அலைநீளமுடைய, அதாவது மெதுவான, நியூட்ரான்களை மட்டும் கடக்கவிட்டு மற்றவற்றைப் பக்கவாட்டில் சிதறடித்துவிடும் என்பதால், மூன்றாம் அச்சின் படிகத்துக்குப் பதிலாக அதை வைத்தபோது பரந்த கோணத்திலிருந்து வரும் நியூட்ரான்களைத் திரட்ட முடிந்தது. துல்லியத்தில் சிறிது விட்டுக்கொடுத்து எண்ணிக்கையில் பெரிதும் ஈட்டும் ஏற்பாடு அது. அம்மோனியம் உப்புகளில் அம்மோனியம் அயனி எவ்வாறு அசைகிறது என்பது போன்ற வினாக்களை டிராம்பே குழுவினர் ஆராய்ந்தனர்.

பி. ஏ. தாசண்ணாச்சார்யாவும் கே. ஆர். ராவும் திரவ ஆர்கானில் செய்து 1965இல் வெளியிட்ட அளவீடு இக்காலத்தின் உச்சம் எனத் தயங்காமல் கூறலாம். ஹைதராபாத்தில் பிறந்த அனீசுர் ரஹ்மான், அதற்கு முந்தைய ஆண்டில் அமெரிக்காவின் ஆர்கோன் ஆய்வகத்தில் 864 ஆர்கான் அணுக்களின் இயக்கத்தைக் கணினியில் கணித்துக் காட்டியிருந்தார். கணினியில் அசைந்த அணுக்களையும் மெய்யான திரவத்தில் அசையும் அணுக்களையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு இவ்விரு ஆய்வுகளால் உலகுக்குக் கிடைத்தது. இத்துறைக்கான சர்வதேச அணுசக்தி முகமையின் கருத்தரங்கு 1964 டிசம்பரில் பம்பாயிலேயே கூடியது. அதே காலத்தில் அம்முகமையுடன் இணைந்து, பிலிப்பைன்ஸுக்கு ஒரு நியூட்ரான் நிறமாலைமானியை வழங்கிப் பயிற்சியளிக்கும் திட்டத்தையும் இந்தியா மேற்கொண்டது.

சென்னையில் பிறந்த ஆர். சிதம்பரம் மற்றொரு கிளையை வளர்த்தார். அமினோ அமிலப் படிகங்களில் ஹைட்ரஜன் அணுக்களின் இருப்பிடத்தை நியூட்ரான் விளிம்பு விளைவால் நுட்பமாக வரையறுத்த அவர் குழுவின் பணி, உயிர் மூலக்கூறுகளைப் பிணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்பின் வடிவியலுக்கு உறுதியான அடித்தளம் தந்தது. அணுசக்தி ஆணையத்தின் தலைமையை 1990 முதல் 1993 வரை ஐயங்காரும், அதன்பின் 2000 வரை சிதம்பரமும் ஏற்றனர். பொது நினைவில் இருவரும் பொக்ரான் சோதனைகளோடு மட்டுமே பிணைக்கப்பட்டிருப்பது அவர்களுடைய அறிவியலுக்குச் செய்யும் குறை.

100 மெகாவாட் துருவா உலை 1985இல் வந்தபின் கற்றைகளின் செறிவு உயர்ந்தது. பல்கலைக்கழகத்தினரும் அதைப் பயன்படுத்த வழிசெய்யும் கூட்டமைப்பு அதையடுத்து அமைந்தது. தமிழ்நாட்டின் கல்பாக்கத்தில், தோரியத்திலிருந்து பெறப்படும் யுரேனியம்-233ஐ எரிபொருளாகக் கொண்ட காமினி உலை 1996 அக்டோபரில் இயங்கத் தொடங்கியது. அதன் திறன் 30 கிலோவாட் மட்டுமே. அங்கே நியூட்ரான் ஊடுருவி வரும் நிழலைப் பதிவுசெய்து, கதிர்வீச்சுக்குள்ளான எரிபொருள் தண்டுகளையும் விண்வெளித் துறையின் வெடியூக்கிகளையும் சோதிக்கின்றனர். அணுவின் அதிர்வை அளப்பதற்கு அக்கற்றையின் செறிவு போதாது. ஆகவே மதுரையிலோ சென்னையிலோ புதிய காந்தப் பொருளையோ மின்கலப் பொருளையோ உருவாக்கும் ஆய்வாளர், சிதறல் ஆய்வுக்கு நேரம் கோரி டிராம்பேக்கு விண்ணப்பித்து, மாதிரியைக் கையோடு எடுத்துக்கொண்டு மும்பைக்கு ரயிலேற வேண்டியிருக்கிறது.