சில்லறைக்குப் பதில் மிட்டாய்... கடைக்காரர் கொடுப்பதெல்லாம் காசாகுமா?

தஞ்சாவூரோ கும்பகோணமோ, "சில்லறை இல்லைங்க, மிட்டாய் எடுத்துக்கோங்க" என்பதைக் கேட்காதவர்கள் குறைவு. அதே மிட்டாயை மறுநாள் அதே கடையில் காசாக நீட்டிப் பாருங்க, வாங்குவாரா? 19-ம் நூற்றாண்டு அமெரிக்காவில் இந்தச் சிக்கல் செப்பு டோக்கன் வடிவில் வந்தது.

1837-ல் என்ன நடந்தது?

மே 10-ல் நியூயார்க் வங்கிகள், நோட்டுக்குத் தங்கம், வெள்ளி கொடுப்பதை நிறுத்தின. மற்ற ஊர் வங்கிகளும் கைவிரிக்க, மக்கள் நாணயங்களைப் பதுக்கினார்கள். சில்லறைக்குத் திண்டாட்டம். வியாபாரிகள் ஒரு சென்ட் அளவில் செப்பு டோக்கன் அடித்து, கடைப் பெயரையும் பொறித்துப் புழக்கத்தில் விட்டார்கள். சில்லறைக்குச் சில்லறை, விளம்பரத்துக்கு விளம்பரம்!

நஷ்டம் யாருக்கு?

1860-களில் உள்நாட்டுப் போரின்போது மறுபடியும் அதே கதை. நியூயார்க் மதுக்கடைக்காரர் லிண்டன்முல்லர் பத்து லட்சத்துக்கும் மேல் டோக்கன்களை வெளியிட்டார். பயணிகளிடம் அவற்றை வாங்கிச் சேர்த்த டிராம் நிறுவனம், "பணமா மாத்திக் கொடுங்க" என்றது. மறுத்துவிட்டார். அவரைத் தட்டிக் கேட்க சட்டத்தில் வழி இல்லை. 1864-ல் தனியார் காசுக்கு அமெரிக்கா தடை போட்டது.

நம்ம ஊரில்?

காவிரி டெல்டாவில் வயல் கூலியை வெகுகாலம் நெல்லாகவே அளந்தார்கள். காசாக மாற்ற முடியாவிட்டாலும் நெல்லைக் குத்திச் சோறாக்கலாம். டோக்கனை என்ன செய்வது? கொடுத்தவர் கைவிட்டால் அது வெறும் தகடு.

இந்தியாவில் 1889-லேயே உலோக டோக்கன் சட்டம் வந்துவிட்டது. இரண்டாம் உலகப் போரில் உலோகத் தட்டுப்பாடு வந்தபோது, 1943-ல் அரசே எடையைக் குறைத்து ஓட்டைக் காலணா வெளியிட்டது. நடுவில் ஓட்டை இருந்தாலும் செல்லும். காரணம், பின்னால் அரசு இருந்தது.

இப்போது சட்டம் என்ன சொல்கிறது?

2011 நாணயச் சட்டப்படி, பணமாகப் பயன்படுத்த தனியார் உலோகத் துண்டுகளை வெளியிடுவது குற்றம். அதே சட்டம், ஒரு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நாணயங்களை 1,000 ரூபாய் வரை கொடுக்கலாம் என்கிறது. "10 ரூபாய் காயின் செல்லாது" என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. எல்லா வடிவமும் செல்லும் என்று ரிசர்வ் வங்கியே தெளிவுபடுத்தியிருக்கிறது.

மிட்டாய் பிடித்தால் வாங்கிக்கோங்க. பிடிக்கலைன்னா மீதியைக் காசாகவே கேளுங்க. அது உங்க பணம்.