மணலியும் டாரியஸ் எண்ணெய் வயலும்: சென்னைச் சுத்திகரிப்பாலையின் வரலாற்றில் பாரசீக வளைகுடாவின் அரசியல் இடர்

ஆய்வுச் சுருக்கம்

எண்ணெய் ஆய்வில் நேரும் அரசியல் இடரைக் கிணறு தோண்டும் நிறுவனத்தின் சிக்கலாகவே காண்பது வழக்கம். பாரசீக வளைகுடாவில் நடந்த துரப்பணமும் மணலி ஆலையின் பங்கமைப்பும் ஒரே ஏற்பாட்டின் இரு முனைகள் என்பதையும், கடலில் தோன்றிய இடரின் ஒரு பகுதி அதன்வழியே வாங்குவோரின் கரைக்கு மாற்றப்பட்டது என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: மணலி, சென்னை சுத்திகரிப்பாலை, டாரியஸ், கார்க் தீவு, அமோகோ, அரசியல் இடர்

முன்னுரை

வடசென்னையின் தொழில்வரலாறு பெரும்பாலும் நிலம், தொழிலாளர், மாசு ஆகிய மூன்றன் அடிப்படையில் எழுதப்படுகிறது. மூன்றும் இன்றியமையாதவையே. ஆயினும், மணலி ஆலை எந்தக் கச்சா எண்ணெயை நம்பி எழுப்பப்பட்டது என்னும் கேள்வி இவ்வெழுத்துகளில் போதிய இடம் பெறவில்லை. அந்த எண்ணெய் ஈரானின் கார்க் தீவை ஒட்டிய டாரியஸ் வயலிலிருந்து வந்தது. அவ்வயலைக் கண்டறிந்த நிறுவனத்தின் இரு உரிமையாளர்களும் மணலி ஆலையின் பங்குதாரர்களாயினர். ஆகவே, மணலியின் கதையை வளைகுடாவிலிருந்து தொடங்குவதே பொருத்தமாகும்.

துரப்பணமும் எல்லைப் பூசலும்

ஈரான் 1951இல் எண்ணெய்த் தொழிலை நாட்டுடைமையாக்கியது. 1953இல் மொசாதெக் அரசு கவிழ்க்கப்பட்டது. 1954இல் மேலைநாட்டு நிறுவனங்களின் கூட்டமைப்பு உள்ளே வந்தது. இக்கூட்டமைப்பின் எல்லைக்கு வெளியே கிடந்த கடற்பரப்பைப் புதியவர்களுக்குத் திறந்துவிட்டது 1957ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டம். மறுஆண்டே இண்டியானா ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனத்தின் துணை நிறுவனமான பான் அமெரிக்கன், 2.5 கோடி டாலர் முன்தொகை செலுத்தி, ஈரான் தேசிய எண்ணெய் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்தது. அப்போது பரவலாக இருந்த சரிபாதிப் பங்கீட்டுக்கு மாறாக, இலாபத்தில் முக்கால் பங்கு ஈரானுக்குச் சேரும் வகையில் ஒப்பந்தம் அமைந்தது. இவ்வாறு பிறந்ததே ஐபாக் என வழங்கிய ஈரான் பான் அமெரிக்கன் எண்ணெய் நிறுவனம். டாரியஸ், சைரஸ், பெரெய்தூன் என்று பண்டைய மன்னர்களின் பெயர்களை இந்நிறுவனத்தின் வயல்கள் தாங்கின.

துரப்பணம் நடந்த கடலுக்கு அப்போது முடிவான எல்லைக்கோடு இல்லை. ஈரானும் சவூதி அரேபியாவும் 1965 டிசம்பரில் ஒரு வரைவு உடன்பாட்டை எட்டின. கடலில் கோடு வரையும்போது கார்க் தீவை ஈரானியக் கரையின் பகுதியாகக் கொள்வதா என்பது முதன்மைச் சிக்கலாக எழுந்தது. அத்தீவுக்குப் பாதி விளைவு அளிப்பது என்று தீர்வு காணப்பட்டது. ஆனால், கோட்டை ஒட்டிய பகுதியில் பெரும் எண்ணெய் வளம் இருப்பது தெரியவந்ததும் ஈரான் பின்வாங்கியது. 1968 பிப்ரவரியில் அராம்கோவின் துரப்பண மேடையொன்றை ஈரானியக் கடற்படை கைப்பற்றியது. அதே ஆண்டு அக்டோபரில்தான் புதிய உடன்பாடு கையெழுத்தானது. டாரியஸ் வயல் நேரடியாக இப்பூசலுக்கு உட்பட்டதன்று. எனினும், அதனைத் தோண்டிய அதே நிறுவனத்தின் பெரெய்தூன் வயல் பூசலின் நடுவில் கிடந்தது.

மணலியின் பங்கமைப்பு

சென்னை சுத்திகரிப்பாலைக்கான உருவாக்க ஒப்பந்தம் 1965 நவம்பரில் கையெழுத்தானது. அவ்வாண்டின் டிசம்பர் 30 அன்று நிறுவனம் பதிவு பெற்றது. இந்திய அரசுக்கு 74 விழுக்காடு, அமோகோவுக்கு 13, ஈரான் தேசிய எண்ணெய் நிறுவனத்துக்கு 13 என்று பங்குகள் பிரிந்தன. ஆண்டுக்கு 25 இலட்சம் டன் திறனுடன், 43 கோடி ரூபாய்ச் செலவில், 27 மாதங்களில் கட்டப்பட்ட ஆலை 1969இல் இயங்கத் தொடங்கியது. மணலியில் சிமெண்டு கலவை கொட்டப்பட்ட காலமும் வளைகுடாவில் மேடை கைப்பற்றப்பட்ட காலமும் ஒன்றே.

இதனை அந்நிய மூலதனத்தின் ஊடுருவல் என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கிவிடுவது எளிது. சான்றுகள் அதற்கு முழுமையாக இடந்தரவில்லை. பர்மா ஷெல், ஸ்டான்வாக், கால்டெக்ஸ் ஆகிய மூன்றும் 1960இல் சோவியத் கச்சா எண்ணெயைத் தம் இந்திய ஆலைகளில் சுத்திகரிக்க மறுத்திருந்தன. அவற்றின் பிடியிலிருந்து விலக இந்தியா விரும்பியது. ஆனால் கையில் அந்நியச் செலாவணி இல்லை. 1966 ஜூனில் ரூபாயின் மதிப்பே குறைக்கப்பட்டது. மறுபுறம், உலகச் சந்தையில் எண்ணெய் மிகுந்து கிடந்த அக்காலத்தில், ஆசியாவில் சொந்த விற்பனைத்தளம் இல்லாத அமோகோவுக்குக் கிணற்றைவிட வாடிக்கையாளரே அரிதாக இருந்தார். 13 விழுக்காட்டுப் பங்கு என்பது இலாபம் கருதிய முதலீடு மட்டுமன்று. டாரியஸ் எண்ணெய்க்கு நீண்டகால வாங்குநரை உறுதிசெய்யும் பிணை எனலாம். ஆலையும் அந்த எண்ணெயைக் கருத்திற்கொண்டே எரிபொருளும் மசகெண்ணெயும் தரும் வகையில் வடிவமைக்கப்பட்டது. பங்குப் பத்திரத்தை விற்றுவிட முடியும். குறிப்பிட்ட கச்சா எண்ணெய்க்கென அமைத்த வடிகலன்களை அவ்வளவு எளிதில் மாற்ற முடியாது. இடர் கைமாறிய இடம் இதுவே.

அமோகோவின் ஈடுபாடு இதனோடு நிற்கவில்லை. 1966இல் பதிவான சென்னை உர நிறுவனத்தில் அது 49 விழுக்காட்டைப் பெற்றது. 1972இல் அதில் பாதியை ஈரான் நிறுவனம் வாங்கியது. சுத்திகரிப்பாலையின் நாப்தாவே உரத்துக்கு மூலப்பொருள். ஆகவே, கார்க் தீவில் நேரும் தடை மணலியின் எரிபொருளோடு உர உற்பத்தியையும் தொடும் நிலை உருவானது.

புரட்சிக்குப் பின்

1979 புரட்சி இந்த ஏற்பாட்டின் மறுமுனையை அறுத்தது. ஐபாக்கின் வயல்கள் ஈரானிய அரசின் நேரடிக் கட்டுப்பாட்டுக்குச் சென்றன. மன்னர்களின் பெயர்களும் நீக்கப்பட்டன: டாரியஸ் தொரூத் ஆனது, சைரஸ் சொரூஷ் ஆனது, பெரெய்தூன் பொரூசான் ஆனது. கார்க்கில் இருந்த கூட்டு வேதித் தொழிற்சாலையை இழந்ததற்காக அமோகோ தொடுத்த வழக்கில், தி ஹேக் நகரிலுள்ள ஈரான்–அமெரிக்க உரிமைக்கோரல் தீர்ப்பாயம் 1987இல் அளித்த தீர்ப்பு, பன்னாட்டு முதலீட்டுச் சட்டத்தில் இன்றும் எடுத்தாளப்படுகிறது.

ஈரான்–ஈராக் போரில் 1985 ஆகஸ்டு முதல் கார்க் முனையம் தொடர்ந்து குண்டுவீச்சுக்கு உள்ளானது. எண்ணெயைச் சிறு பயணங்களாகத் தெற்கே சிர்ரி தீவுக்குக் கொண்டுசென்று, அங்குப் பிற கப்பல்களுக்கு மாற்றும் முறையை ஈரான் மேற்கொண்டது. அமோகோ தன் மணலிப் பங்குகளை இந்திய அரசிடம் விற்று வெளியேறியதும் 1985இலேயே. இவ்விற்பனையைப் போரின் விளைவாகக் கொள்வதைவிட, வயலை இழந்தபின் ஆலைப் பங்குக்கான தேவையே அற்றுப்போனதன் விளைவாகக் கொள்வதே பொருந்தும். உர நிறுவனத்திலிருந்தும் அது அவ்வாண்டே விலகியது.

ஈரான் விலகவில்லை. இவ்விடத்தில் தென்னாப்பிரிக்காவின் சாசோல்பர்க் ஆலையோடு ஒப்பிடுவது தகும். 1971இல் இயங்கத் தொடங்கிய அவ்வாலையிலும் ஈரான் தேசிய எண்ணெய் நிறுவனம் 17.5 விழுக்காட்டுப் பங்கு வைத்திருந்தது. புரட்சி அரசு நிறவெறி ஆட்சிக்கு எண்ணெய் அனுப்ப மறுத்தது. அங்கே பங்குரிமையால் எண்ணெய் வரத்தைக் காக்க இயலவில்லை. ஷா ஆட்சியின் ஒரே உத்தியில் உருவான இரு முதலீடுகள், அவை நிலைகொண்ட நாடுகளின் அரசியலுக்கேற்ப வெவ்வேறு வழிகளில் சென்றன.

மணலி ஆலையின் திறன் 1984இல் 56 இலட்சம் டன்னாகவும், பின்னர் படிப்படியாக 105 இலட்சம் டன்னாகவும் உயர்ந்தது. 2000–01இல் இந்திய அரசின் பங்குகள் இந்தியன் ஆயில் நிறுவனத்துக்குக் கைமாறின. ஆலையும் சென்னை பெட்ரோலியம் என்று பெயர் மாறியது. ஈரான் தரப்பின் 15.4 விழுக்காடு மட்டும், அதன் துணை நிறுவனமான நாப்திரான் பெயரில் தொடர்ந்தது. 2012இல் ஈரானிய எண்ணெயை ஏற்றும் கப்பல்களுக்குக் காப்பீடு வழங்க ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. முதற்கட்டத்தில் போர்க்கப்பலாக வந்த இடர், இக்கட்டத்தில் காப்பீட்டுத் தாளாகவும் வங்கிக் கணக்காகவும் வந்தது. விலைத்தொகையின் ஒரு பகுதியை இந்தியா ரூபாயாக யூகோ வங்கியில் செலுத்தும் ஏற்பாடு அப்போது உருவானது. 2019 மே மாதத்தில் அமெரிக்க விலக்கு முடிவுற்றதும் இந்தியா ஈரானிய எண்ணெய் வாங்குவதை நிறுத்தியது. டாரியஸ் எண்ணெய்க்கெனப் பிறந்த ஆலை, ஈரானைப் பங்குதாரராக வைத்துக்கொண்டே, ஈரானின் எண்ணெயை வாங்க இயலாத நிலையை அடைந்தது. சென்னைத் துறைமுகத்திலிருந்து வடசென்னைக் குடியிருப்புகளின் ஊடாக மணலிக்குச் செல்லும் குழாயில் வேறு நாடுகளின் கச்சா எண்ணெய் ஓடியது.