பாசறைப் பொழுதுகள்

1907 ஓகஸ்டில், இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் இருபதளவான சிறுவரைக் கூட்டிப் பாசறை நடத்தினார். முடிச்சு, தீ மூட்டல், தடம் பார்த்தல் எல்லாம் கற்பித்தார்தான். ஆனால் மரக்கட்டையொன்றைத் திமிங்கிலமாக்கிப் படகிலிருந்து ஈட்டி எறிந்த விளையாட்டும், இரவில் தீயைச் சுற்றியிருந்து கேட்ட கதைகளுமே அவர்களைக் கட்டிப்போட்டிருக்கும் என்பது என் எண்ணம்.

1909இல் லண்டன் கிறிஸ்டல் பலஸில் நடந்த சாரணர் பேரணிக்கு அழைப்பில்லாமலே பெண்பிள்ளைகளும் வந்து நின்றார்கள். மறு ஆண்டே அவர்களுக்கென ஓர் இயக்கம் உருவாகி, பவலின் தங்கை அக்னஸின் பொறுப்பில் வளர்ந்தது. 1917இல் கண்டி வழியாக இலங்கைக்கும் வந்து சேர்ந்தது.

எங்கள் தலைமுறைக்கு 'முகாம்' என்றால் அகதி முகாமும் இராணுவ முகாமுந்தான். தொண்ணூறுகளின் யாழ்ப்பாணத்தில் பெண்பிள்ளைகளை இரவில் வெளியே தங்க யார் விடுவார்? ஆகவே நம் சாரணியரின் பாசறை காலையில் கூடி மாலையில் கலைந்தது. வேம்பின் கீழ் பழஞ்சேலைகளால் கூடாரம். சிலர் மூன்று கல் அடுக்கிக் கஞ்சி காய்ச்சினர். சிலர் கிளித்தட்டு மறித்தனர். பாயில் படுத்துக் கதைப்பதே சிலருக்குப் பாசறை. முக்கோணத் துணியால் கை கட்டும் போட்டியை நான் விடவே மாட்டேன். (மருத்துவ பீடத்துக்கு முந்திய பயிற்சி அது!) பாசறைத் தீயும் பிற்பகல் மூன்று மணி வெயிலில்தான் எரிந்தது.

நட்சத்திரப் பாடத்தை மட்டும் ஆசிரியை கரும்பலகையில் வரைந்து, இரவு வீட்டு முற்றத்தில் நின்று பார்க்கச் சொன்னார். மின்சாரம் இல்லாத ஊரில் வானம் நன்றாகவே தெரிந்தது.