அல்பினிசம் உடையோர் பாதுகாப்பு

அல்பினிசம் என்பது தோல், முடி, கண் மூன்றுக்கும் நிறம் தரும் மெலனின் பிறவியிலேயே உண்டாகாமலோ மிகக் குறைவாக உண்டாகியோ இருக்கும் நிலை. நோயல்ல, தொற்றாது. இப்படிப் பிறந்தவர்களை ஒதுக்கலிலிருந்தும் சில நாடுகளில் கொலையிலிருந்தும் காக்க எடுக்கப்பட்ட முயற்சிகள் இங்கே கூறப்படுகின்றன.

பெயர்: தமிழில் இதற்கு நிலைத்த சொல் இல்லாததே பெரிய இடர். பேச்சில் 'பாண்டு' என்பர். சித்த மருத்துவத்திலோ பாண்டு என்பது சோகை. 'வெண்குட்டம்' என்பது இன்னும் கொடிய பெயர். அது தொழுநோயை நினைவூட்டிப் பிள்ளையைத் தொடவே அஞ்ச வைக்கிறது. தோலில் பிற்பாடு படரும் வெண்புள்ளியும் அல்பினிசமும் வேறு வேறு. பாண்டு என்ற பெயர் பழைய கதையிலும் உண்டு: மகாபாரதத்தில் வியாசரைக் கண்டு அம்பாலிகை வெளுத்துப்போனதால் அவள் மகன் பாண்டு வெளுத்துப் பிறந்தான். பிள்ளையின் நிறத்துக்குத் தாயைக் காரணம் காட்டும் அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை: கிரகணத்தில் வெளியே போனாள், எதையோ பார்த்துப் பயந்தாள் என்பார்கள். இந்தப் பழி அநியாயமானது. பெரும்பாலான வகைகளில் தாய், தந்தை இருவரிடமிருந்தும் மாறிய மரபணு ஒவ்வொன்று வந்து சேர்ந்தால்தான் பிள்ளைக்கு அல்பினிசம் வரும். இருவரும் சாதாரண நிறத்தில் இருந்தபடியே அதைச் சுமந்திருப்பர். ஒவ்வொரு பேற்றிலும் வாய்ப்பு 4இல் 1. சொந்தத்துக்குள் கட்டும்போது இந்த வாய்ப்புக் கூடும். உடலின் வேதிவினையில் பிறவியிலேயே நேரும் பிழைகளுள் ஒன்றாக அல்பினிசத்தை 1908இல் இலண்டன் சொற்பொழிவுகளில் வகைப்படுத்தியவர் மருத்துவர் ஆர்ச்சிபால்ட் கரோட்.

வகைகள்: தோல், முடி, கண் மூன்றையும் தாக்குவது ஒன்று, கண்ணை மட்டும் தாக்குவது மற்றொன்று. பின்னது தாய்வழி வந்து பெரும்பாலும் ஆண்பிள்ளைகளிடம் தெரியும். இரண்டிலும் கருவிழி ஓயாமல் பக்கவாட்டில் ஆடும், வெளிச்சம் கூசும், பார்வை மங்கும். கண்ணாடி போட்டும் முழுதும் தெளியாது. கரும்பலகைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்து வாசிக்கும் பிள்ளையை மக்கு என்று பின்வாங்கில் தள்ளுவதும் வன்முறைதான். கரைவலையும் தோணியும் பிழைப்பான, இலங்கையின் குச்சவெளி போன்ற கரையோரத்தில், தொப்பியில்லாமல் கழியும் ஒரு பகல் தோலைப் புண்ணாக்கிவிடும். ஆண்டுக்கணக்கில் சேரும் வெயில் தோல் புற்றாகும்.

வன்முறை: தான்சானியாவில் ஏறக்குறைய 1,400 பேரில் ஒருவர் இந்நிலையுடன் பிறக்கிறார்; ஐரோப்பாவில் 17,000 முதல் 20,000 பேரில் ஒருவர். இவர்களின் உறுப்பு செல்வம் தரும் என்று மந்திரவாதிகள் சொன்னதை நம்பி, விக்டோரியா ஏரிப் பக்கத்தில் தங்கம் தோண்டுவோரும் மீனவரும் காசு கொடுத்தனர். முடியை வலையில் பின்னினால் மீன் ஏறும் என்றார்கள். 2000க்கும் 2015க்கும் இடையில் அந்நாட்டில் 70க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். புதைத்த உடலையும் தோண்டுவார்கள் என்பதால் குடும்பங்கள் கல்லறைக்குச் சீமெந்து பூசின. இதைத் தொன்மரபு என்பது பிழை. காசு புகுந்த புதுச் சந்தை இது. 2009இல் ஷின்யாங்கா வட்டாரத்தில் 14 வயதுச் சிறுவனைக் கொன்ற மூவருக்கு மரணதண்டனை தீர்ப்பானது. 2008இல் ஜனாதிபதி கிக்வெத்தே, அல்பினிசம் உடைய அல்-ஷைமா க்வெகியரை நாடாளுமன்றத்துக்கு நியமித்திருந்தார். மலாவியில் 2014 இறுதியில் தாக்குதல் பெருக, 2016இல் தண்டனைச் சட்டம் கடுமையாக்கப்பட்டது.

பன்னாட்டு முயற்சி: ஐ.நா. மனித உரிமைப் பேரவை 2013இல் தாக்குதல்களைக் கண்டித்தது. ஜூன் 13 விழிப்புணர்வு நாள் என 2014 டிசம்பரில் பொதுச்சபை அறிவித்தது. 2015இல் தனி நிபுணர் பதவி உருவாகி, அல்பினிசத்துடன் பிறந்த நைஜீரியச் சட்டத்தரணி இக்பொன்வோசா ஈரோ முதலில் அமர்ந்தார். தான்சானியாவின் மோஷி மருத்துவமனையில் அல்பினிசம் உடையோருக்கென்றே 'கிலிசன்' என்ற வெயில் தடுப்புக் கிரீம் தயாராகிறது.

இலங்கை: 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமையைக் காக்கிறது, மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையை நாடு 2016இல் ஏற்றது. பார்வைக் குறைவு என்ற வாசல் வழியே அல்பினிசம் உடையோரும் அந்தப் பாதுகாப்பில் இடம் கேட்கலாம்.