ஐந்தாவது நாற்காலி: ஆஸ்கர் நாமினேஷனை ஏன் முழுசாகக் கணிக்க முடிவதில்லை?

ஆஸ்கர் யாருக்குக் கிடைக்கும் என்று ஆரூடம் சொல்வது ஓரளவு சுலபமான வேலை. ஐந்து பெயர் எதிரே இருக்கிறது, மற்ற விருதுகள் யாருக்குப் போனது என்று பார்த்தால் பாதி விடை வந்துவிடும். ஆனால் அந்த ஐந்து பெயர் யார் யார் என்று முன்கூட்டியே சொல்லணும் என்றால்தான் தலைவலி. வருஷத்துக்கு முந்நூறுக்கும் மேற்பட்ட படங்கள் ஆஸ்கர் போட்டியில் நிற்கின்றன. அதிலிருந்து ஜனவரி மாதம் ஒரு நாள், லாஸ் ஏஞ்சலஸில் விடிவதற்கு முன்னால் ஐந்தரை மணிக்கு, நம்ம ஊரில் அப்போது சாயங்காலம் ஏழு மணி, பட்டியலை வாசிக்கிறார்கள். இன்றைக்கு நான் சொல்லப்போவது அந்தப் பட்டியலில் ஒரே ஒரு இடத்தின் கதை. சிறந்த இயக்குநர் பிரிவில் ஐந்தாவது இடம்.

1976 பிப்ரவரிக்குப் போவோம். ஸ்டீவன் ஸ்பீல்பெர்குக்கு அப்போது வயது 29. முந்தின வருஷம் வந்த 'ஜாஸ்' வசூலில் அதுவரை யாரும் பார்க்காத உயரத்துக்குப் போயிருந்தது. நாமினேஷன் அறிவிப்பை டிவியில் பார்க்கும்போது தன் முகம் எப்படி இருக்கும் என்பதைப் பதிவு செய்யவே கேமரா ஆட்களை அலுவலகத்துக்கு வரவழைத்திருந்தார். அவ்வளவு நம்பிக்கை! அந்த வீடியோ இன்றைக்கும் இணையத்தில் கிடைக்கிறது, தேடிப் பாருங்கள். சிறந்த படத்துக்கான ஐந்தில் 'ஜாஸ்' வந்துவிட்டது. இயக்குநர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. ராபர்ட் ஆல்ட்மன், மிலோஸ் ஃபோர்மன், ஸ்டான்லி குப்ரிக், சிட்னி லுமெட் என்ற நாலு பேருடைய படங்களும் சிறந்த படப் பட்டியலிலும் இருந்தன. ஐந்தாவது பெயர் ஃபெடரிகோ ஃபெலினி. 'அமார்கார்ட்' படத்துக்காக. கேமரா முன்னாலேயே ஸ்பீல்பெர்க் கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, ஃபெலினி என் இடத்தை எடுத்துக்கொண்டார் என்று புலம்புகிறார்.

பாவமாகத்தான் இருக்கும். ஆனால் அவருடைய கணக்கு தப்பான கணக்கு இல்லை. டைரக்டர்ஸ் கில்ட், அதாவது இயக்குநர்கள் சங்கம், அதே வருஷம் தன்னுடைய பட்டியலில் அவரைச் சேர்த்திருந்தது. மற்ற நாலு பேரும் அப்படியே ஒத்துப்போனார்கள். சங்கத்துக்கு ஐந்தாவது ஸ்பீல்பெர்க், அகாடமிக்கு ஐந்தாவது ஃபெலினி. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஏன் இப்படி ஆகிறது? இதைப் புரிந்துகொள்ள நமக்கு ரொம்ப தூரம் போகவேண்டாம். ராஜ்யசபா தேர்தலைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 234 எம்.எல்.ஏ.க்கள் ஆறு பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 234-ஐ ஏழால் வகுத்து ஒன்றைக் கூட்டினால் 34. முதல் விருப்பமாக 34 ஓட்டு இருந்தால் சீட் உறுதி. மீதி இருநூறு பேருக்கு உங்களைப் பிடிக்காவிட்டாலும் கவலை இல்லை. ஆஸ்கர் நாமினேஷனும் ஏறக்குறைய இதே முறைதான். இயக்குநர் பிரிவில் இருப்பவர்கள் மட்டும் ஓட்டுப் போடுகிறார்கள், ஐந்து பெயரை வரிசைப்படுத்தி எழுதுகிறார்கள். ஒரு பேச்சுக்கு 500 பேர் ஓட்டுப் போட்டால், ஆறால் வகுத்து, 84 பேர் உங்களை முதலில் எழுதினால் போதும். கீழே இருப்பவர்கள் ஒவ்வொருவராகக் கழிய, அவர்களுடைய சீட்டுகள் அடுத்த விருப்பத்துக்குப் போகும்.

இந்த முறையில் எல்லோருக்கும் மூன்றாவதாகப் பிடித்த ஆள் தோற்றுப்போகலாம். ஒரு சின்னக் கூட்டத்துக்கு உயிராக இருக்கும் ஆள் உள்ளே வந்துவிடலாம். 1976 பிப்ரவரியில் ஃபெலினிக்கு அப்படி உயிரை விடுகிற ஆட்கள் அகாடமியில் இருந்திருக்கிறார்கள். 'ஜாஸ்' எல்லோருக்கும் பிடித்திருந்தது. ஆனால் சுறா படத்தை முதல் இடத்தில் எழுதுவதற்கு அந்தக் காலத்து இயக்குநர்களுக்குக் கொஞ்சம் கூச்சமும் இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

இந்த ஐந்தாவது நாற்காலிக்கு ஒரு நீண்ட பரம்பரையே உண்டு. படம் சிறந்த படப் பட்டியலில் இருக்காது, இயக்குநர் மட்டும் வந்து உட்கார்ந்திருப்பார். 'லா டோல்சே வீட்டா'வுக்கு இதே ஃபெலினி, 'உமன் இன் த டூன்ஸ்' எடுத்த ஜப்பானியர் ஹிரோஷி டெஷிகஹாரா, 'ப்ளோ-அப்'புக்கு அன்டோனியோனி, 'பேட்டில் ஆஃப் அல்ஜியர்ஸ்' எடுத்த பொன்டெகோர்வோ, பிறகு கீஸ்லோவ்ஸ்கி, டேவிட் லிஞ்ச், அல்மோடோவார். இதில் பாதிப் பேர் ஃபிலிம் சொசைட்டி திரையிடல்களில் நாம் பார்த்து வளர்ந்த பெயர்கள். ஹாலிவுட்டில் வேலை செய்கிற இயக்குநர்களும் மனசுக்குள் ஒரு ஃபிலிம் சொசைட்டி உறுப்பினர்தான் போலிருக்கிறது.

ஸ்பீல்பெர்குக்கு இது ஒரு தடவையோடு நிற்கவில்லை. பத்து வருஷம் கழித்து, 1986-ல், 'த கலர் பர்ப்பிள்' 11 நாமினேஷன் வாங்கியது. படம், நடிகை, இசை, ஆடை என்று எல்லாவற்றிலும் இருக்கிறது, இயக்குநரில் மட்டும் இல்லை! மறுபடியும் அதே கணக்கு. சிறந்த படத்துக்கான ஐந்தில் மற்ற நாலு படங்களின் இயக்குநர்கள் உள்ளே. ஐந்தாவது இந்தத் தடவை அகிரா குரோசவா, 'ரான்' படத்துக்காக. சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கு ஜப்பான் 'ரான்' படத்தை அனுப்பவே இல்லை. அதனால் குரோசவாவுக்கு இயக்குநர் நாமினேஷனாவது கிடைக்கணும் என்று பிரச்சாரம் செய்தவர் சிட்னி லுமெட். 1976 பட்டியலில் பார்த்தோமே, அதே லுமெட். 75 வயதில் குரோசவாவுக்குக் கிடைத்த முதல் இயக்குநர் நாமினேஷன் அது, கடைசியும் அதுதான்.

அடுத்த மாதமே இயக்குநர்கள் சங்கம் தன் விருதை ஸ்பீல்பெர்குக்குக் கொடுத்தது. சங்க விருது வாங்கியவர் ஆஸ்கர் நாமினேஷன்கூட இல்லாமல் இருந்தது அதுதான் முதல் முறை. பிறகு 'அப்போலோ 13' எடுத்த ரான் ஹவர்டுக்கும் அதே கதி. 1990-ல் குரோசவாவுக்குக் கௌரவ ஆஸ்கர் கொடுத்தபோது மேடையில் அதை வழங்கியது ஜார்ஜ் லூகாஸும், வேறு யார், ஸ்பீல்பெர்கும்.

இங்கே ஒரு கேள்வி வரும். சங்கமும் இயக்குநர்கள், அகாடமி இயக்குநர் பிரிவும் இயக்குநர்கள். அப்புறம் ஏன் இரண்டு விடை? ஆள் எண்ணிக்கைதான் காரணம். சங்கத்தில் இன்றைக்கு சுமார் 19,000 பேர். டிவி தொடர் எடுப்பவர்கள், உதவி இயக்குநர்கள், படப்பிடிப்பு நிர்வாகிகள் எல்லோரும் அதில் உண்டு. அகாடமி பிரிவில் சில நூறு பேர், அதிலும் வெளிநாட்டுக்காரர்கள் நிறைய. கணிப்பவர்கள் பெரிய கூட்டத்தின் விடையை வைத்துக்கொண்டு சின்னக் கூட்டத்தின் விடையை ஊகிக்கிறார்கள்.

அந்தப் பெரிய கூட்டத்தின் விடைகூட கையில் இல்லாமல் ஓட்டுப் போட்ட வருஷம் ஒன்று உண்டு. 2013 ஜனவரி. அகாடமி முதல் முறையாக இணையத்தில் ஓட்டுப் பதிவு வைத்தது. தேதிகளையும் முன்னால் தள்ளிவிட்டது. ஓட்டுப் பதிவு ஜனவரி 4-ல் முடிந்துவிட்டது, சங்கத்தின் பட்டியல் 8-ந் தேதிதான் வந்தது. 10-ந் தேதி ஆஸ்கர் நாமினேஷன். சங்கத்தின் ஐந்து பேரில் இரண்டே பேர்தான் ஒத்துப்போனார்கள்: ஆங் லீயும் ஸ்பீல்பெர்கும். 'ஆர்கோ'வின் பென் ஆஃப்லெக், 'ஜீரோ டார்க் தர்ட்டி'யின் கேத்ரின் பிகலோ, டாம் ஹூப்பர் மூன்று பேரும் வெளியே. உள்ளே வந்தவர்களில் ஒருவர் 'அமூர்' எடுத்த மைக்கேல் ஹானெகே, இன்னொருவர் தன் முதல் முழுநீளப் படத்தை எடுத்திருந்த பென் ஸைட்லின்.

எனக்கு இது ரொம்ப முக்கியமான வருஷமாகத் தெரிகிறது. மற்ற விருதுக்காரர்கள் யாரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று எட்டிப்பார்க்க நேரம் இல்லாதபோது, அந்த இயக்குநர்கள் வேறு மாதிரி ஓட்டுப் போட்டார்கள். அப்படியானால் மற்ற வருஷங்களில் கணிப்பு பலித்ததற்குக் காரணம் கணித்தவர்களின் திறமையா, அல்லது ஓட்டுப் போட்டவர்கள் கணிப்பைப் படித்துவிட்டு ஓட்டுப் போட்டதா? (ஆஃப்லெக் மேல் எழுந்த அனுதாபத்தில் 'ஆர்கோ' சிறந்த படமாகவே ஜெயித்தது. இயக்குநர் நாமினேஷன் இல்லாமல் ஒரு படம் ஜெயித்தது 'டிரைவிங் மிஸ் டெய்ஸி'க்குப் பிறகு அதுதான்.)

கணிப்பு ஒரு தொழிலாக மாறியது 2000-ஐ ஒட்டி. சாஷா ஸ்டோன் 1999-ல் ஆஸ்கர் வாட்ச் என்ற தளத்தைத் தொடங்கினார். பெயரில் ஆஸ்கர் இருக்கக்கூடாது என்று அகாடமி வழக்குப் போட, அது அவார்ட்ஸ் டெய்லி ஆனது. டாம் ஓ'நீலின் கோல்டு டெர்பி 2000-ல் வந்தது. பெயரைக் கவனியுங்கள், டெர்பி. குதிரைப் பந்தயம். அதுவரை ஸ்டூடியோக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்த ரேஸ் கணக்கை இவர்கள் வீதிக்குக் கொண்டுவந்தார்கள். செப்டம்பரில் வெனிஸ், டொரான்டோ விழாக்கள் முடிவதற்குள் பட்டியல் தயாராகிவிடுகிறது.

இதில் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். முந்நூறு படத்தை யாராலும் பார்க்க முடியாது. 2025-ல் அகாடமி ஒரு விதி கொண்டுவந்தது, இறுதி ஓட்டுப் போடுபவர் அந்தப் பிரிவில் நாமினேட் ஆன எல்லாப் படங்களையும் பார்த்திருக்கணும் என்று. ஆனால் நாமினேஷன் கட்டத்தில் எதைப் பார்ப்பது? கணிப்புப் பட்டியலில் எது இருக்கிறதோ அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். பட்டியலில் இல்லாத படம், நன்றாக இல்லை என்பதற்காகத் தோற்பதில்லை. யாரும் போட்டுப் பார்க்காததால் தோற்கிறது. ஆரம்பத்தில் கணிப்பு என்றிருந்தது நாளாக ஆக பாடத்திட்டம் ஆகிவிட்டது.

2023-ல் இதை ஒரு நடிகையின் நண்பர்கள் உடைத்தார்கள். ஆண்ட்ரியா ரைஸ்பரோ நடித்த 'டு லெஸ்லி' தியேட்டரில் வசூலித்தது ஏறக்குறைய 27,000 டாலர்தான். விளம்பரத்துக்குக் காசு இல்லை. ஓட்டுப் பதிவு நெருங்கும்போது பெரிய நடிகர்கள் பலர் தங்கள் சமூக ஊடகப் பக்கங்களில் அவரைப் பாராட்டினார்கள். ராஜ்யசபா கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: நடிகர் பிரிவில் சுமார் 1,300 பேர், எல்லோரும் ஓட்டுப் போட்டாலும் இருநூற்றிச் சொச்சம் போதும். அவர் உள்ளே வந்தார். கணிப்புகளில் இருந்த வயோலா டேவிஸும் டேனியல் டெட்வைலரும் இல்லை. இருவரும் கறுப்பினப் பெண்கள் என்பதால் கோபம் எழுந்தது, அகாடமி விசாரித்தது, நாமினேஷனை ரத்து செய்யவில்லை. என்னைக் கேட்டால், செல்வாக்குள்ள நண்பர்கள் இருப்பதும் ஒரு மூலதனம்தான், அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் கோடிக்கணக்கில் கொட்டி விருந்து வைத்துச் செய்கிற பிரச்சாரத்தை யாரும் விசாரிப்பதில்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்லணும்.

அதே வருஷம் நமக்கும் ஒரு ஐந்தாவது நாற்காலிக் கதை உண்டு. 'ஆர்ஆர்ஆர்' படத்துக்காக ராஜமௌலிக்கு நியூயார்க் விமர்சகர்கள் சிறந்த இயக்குநர் விருது கொடுத்திருந்தார்கள். இங்கே பலர் அவர் பெயரை ஐந்தாவதாக எழுதிக் காத்திருந்தார்கள். சங்கத்தின் ஐந்தாவது 'டாப் கன்: மேவரிக்' எடுத்த ஜோசப் கொசின்ஸ்கி. அகாடமியின் ஐந்தாவது ஸ்வீடன்காரர் ரூபன் ஆஸ்ட்லண்ட். 'நாட்டு நாட்டு' மட்டும் நாமினேட் ஆனது, ஜெயிக்கவும் செய்தது.

ராஜமௌலி ஆறாவதா, முப்பதாவதா? 1976-ல் ஸ்பீல்பெர்க் எத்தனை ஓட்டில் விட்டார்? யாராலும் சொல்ல முடியாது. 1930-களிலிருந்து ஓட்டு எண்ணுகிற பிரைஸ் வாட்டர்ஹவுஸ் நிறுவனம் எண்ணிக்கையை வெளியிடுவதே இல்லை.