ரம்பமும் மென்பொருளும்

1930களின் தொடக்கத்தில், பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலை இழந்த அமெரிக்கத் தச்சர்கள் பலர் வீட்டிலேயே மரப் படப்புதிர்களை அறுத்து விற்றார்கள். விலை கொடுக்க முடியாதவர்கள் அவற்றை மருந்துக்கடையில்கூட வாடகைக்கு எடுத்துப்போனார்கள். இன்று அதே வேலை கைப்பேசியில் நடக்கிறது. ஜிக்சா பிளானெட் போன்ற தளத்தில் ஒரு படத்தை ஏற்றி, எத்தனை துண்டு என்று சொல்லி, லிங்க்கை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் முடிந்தது. இரண்டும் வீட்டுத் தயாரிப்புதான். ஆனால் நம்மைத் திணறடிப்பது யார் என்று பார்த்தால் இரண்டும் வேறு வேறு விளையாட்டு.

மரப்புதிரில் எதிராளி, ரம்பம் பிடித்தவர். லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி 1760களில் நிலப்படங்களை மரப்பலகையில் ஒட்டி நாட்டு எல்லை வழியே அறுத்தபோதே வெட்டு படத்தைப் பார்த்துத்தான் விழுந்தது. அவர் நோக்கம் பிள்ளைகளுக்குப் புவியியல் சொல்லித்தருவது. 1932இல் நியூயார்க்கில் தொடங்கிய பார் (Par) என்ற புதிர் நிறுவனத்தார் அதே உத்தியை வம்புக்குப் பயன்படுத்தினார்கள். சிவப்புப் பாவாடையின் ஓரத்திலேயே ரம்பம் ஓடினால், சிவப்புத் துண்டுக்குப் பக்கத்தில் இன்னொரு சிவப்பைத் தேடுகிறவர் ஏமாந்துபோவார். ஓரம் நேராக இருக்காது. மூலை பிடித்துத் தொடங்கும் வழக்கம் அங்கே செல்லாது. பெட்டியில் படமும் கிடையாது. போதாததற்கு, இவ்வளவு நேரத்தில் முடிக்க வேண்டும் என்று ஒரு கெடு வேறு!

மென்பொருளுக்குப் படத்தில் என்ன இருக்கிறது என்ற கவலையே இல்லை. வானமானாலும் முகமானாலும் ஒரே குமிழும் குழியும்தான். ஆகவே இங்கே புதிர் போடுகிறவரின் திறமை முழுக்கப் படத்தைத் தேர்ந்தெடுப்பதில் வந்து நிற்கிறது. பெரும்பாலோர் சூரிய அஸ்தமனத்தை ஏற்றிவிடுகிறார்கள். பாதிப் படம் ஒரே ஆரஞ்சு. அது கடினமல்ல, வெறும் சலிப்பு. பெயர்ப்பலகைகள் நிறைந்த கடைத்தெருவோ புத்தக அலமாரியோ ஒவ்வொரு துண்டிலும் சிறு தடயம் வைக்கும். என் தேர்வு சிமெண்டுத் தரையில் போட்ட சிக்குக்கோலம். துண்டுகளைச் சுழற்றும் வசதியையும் சேர்த்துவிட்டால், கோலத்தின் நான்கு பக்கமும் ஒன்றுபோல இருப்பதால் எந்தத் துண்டு எந்தப் பக்கத்தது என்று குழம்பித்தான் ஆக வேண்டும்.

பகிர்வதில் மரம் போட்டி போடவே முடியாது. புதிர் ஒருவர் வீட்டில் இருக்கும்வரை அடுத்தவர் காத்திருக்க வேண்டும். திரும்பி வரும்போது ஒரு துண்டு குறைந்தால் புதிரே போச்சு. இணையத்தில் ஒரே குடும்பப் படத்தைப் பேரனுக்கு 24 துண்டாகவும் பாட்டிக்கு 200 துண்டாகவும் அனுப்பலாம். ஆனால் சரியான இடத்துக்கு அருகே கொண்டுபோனதும் துண்டு தானே ஒட்டிக்கொள்கிறது. மரத்தில் தவறான துண்டு சரிபோல உட்கார்ந்து, வெகுநேரம் கழித்துக் கழுத்தறுக்கும். அந்தச் சந்தேகம் இல்லாத புதிரில் எனக்குப் பாதி ருசிதான்.

பழைய வெட்டுக்காரர்களின் குறும்பு இணையத்திலும் ஓரிடத்தில் உயிரோடு இருக்கிறது. ஜியோகேச்சிங் என்ற புதையல் வேட்டை விளையாட்டில் இறங்கியவர்கள், ஒளித்துவைத்த பெட்டி இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையப் படப்புதிருக்குள் பூட்டிவைக்கிறார்கள். முழுதும் அடுக்கினால்தான் எண்கள் தெரியும். சிலர் வேண்டுமென்றே ஒற்றை நிறப் படத்தை நூற்றுக்கணக்கான துண்டுகளாக்கிவிடுகிறார்கள். வெட்டு தங்கள் கையில் இல்லாததால், வம்பைப் படத்திலேயே வைத்துவிட்டார்கள்.